உழுதவன் கணக்குப் பார்க்க வேண்டும்

(வெள்ளி விழாவையொட்டி ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் உரத்தைப் பற்றி ஒரு பள்ளித் தலைமையாசிரியர் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நம் இல்லங்களில் பெரும்பாலானவை இன்றும் வயலை நம்பியே வாழ்கின்றன. சிலருக்குச் சொந்தமாக ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ உண்டு. சிலர் குத்தகைக்கு உழுகின்றனர். பலர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைக்கின்றனர். அப்படியிருக்க, நாம் கற்ற கல்வி வயல் வரப்பு வரையில் வந்து அங்கேயே நின்றுவிடுமானால் அக்கல்வி பாதிக் கல்வியே ஆகும்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த பழமொழி. ஆறுதலுக்காகச் சொல்லப்பட்ட மொழி அது. ஆயினும் அதனுள் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. நம் முன்னோர் உழுதனர்; கணக்கை வேறொருவர் எழுதினார். எவ்வளவு விதை, எவ்வளவு எரு, எவ்வளவு கடன், எவ்வளவு நெல் என்பதெல்லாம் பிறர் கையிலிருந்த ஏட்டில் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் விழுக்காட்டுக் கணக்கை ஏழாம் வகுப்பிலேயே கற்கின்றனர். எனவே அப்பழமொழியை நாம் திருப்பிச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. உழுதவன்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அக்கணக்குகளுள் ஒன்றான உரக் கணக்கையே இன்று நாம் காணப் போகிறோம். நம் பகுதியின் முதன்மைத் தானியமாகிய நெல்லையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில், பயிர் எதை உண்கிறது என்பதைப் பார்ப்போம். செடிகள் வளர்வதற்கு இன்றியமையாத தனிமங்கள் 17 என அறிவியலார் கணித்துள்ளனர். அவற்றுள் கரி, நீர்வாயு, உயிர்வாயு ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. ஏனையவற்றைப் பெரும்பாலும் மண்ணே தர வேண்டும். அவற்றிலும் மிகுதியாகத் தேவைப்படுபவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்னும் மூன்று. இப்பெயர்களே ஒரு பாடமாகும். இலையையும் தண்டையும் செழிக்கச் செய்வது தழைச்சத்து. வேர் பிடிக்கவும், தூர் கட்டவும், மணி முதிரவும் துணை செய்வது மணிச்சத்து. வீட்டுக் கொல்லையில் அவரைக்கும் பூசணிக்கும் நம் தாய்மார்கள் அடுப்புச் சாம்பலை இடுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அச்சாம்பலில் உள்ளதே சாம்பல் சத்து. தண்டுக்கு உறுதியையும், நோயையும் வறட்சியையும் தாங்கும் ஆற்றலையும், மணிக்கு எடையையும் தருவது அதுவே.

ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. சாம்பல் சத்தையும் அதே அளவிலோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறது. இதில் நாம் கருத வேண்டிய ஒன்று உண்டு. பயிர் எடுத்த சாம்பல் சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. வைக்கோலைக் கட்டுக் கட்டாக விற்று வண்டியேற்றும்போது நிலத்தின் சாம்பல் சத்தையும் சேர்த்தே ஏற்றி அனுப்புகிறோம். அதைத் திருப்பித் தராமல், அடுத்த பட்டத்திற்கு யூரியாவை மட்டும் தூவினால் நிலம் என்ன செய்யும்?

இவ்விடத்தில் ஒரு விதியை நாம் அறிதல் வேண்டும். செருமனி நாட்டு அறிஞர் காரல் சுப்பிரங்கல் என்பவர் 1828-ஆம் ஆண்டிலேயே இதனைக் கூறினார். பின்னர் அந்நாட்டு வேதியியல் அறிஞர் லீபிக் இதனை உலகறியச் செய்தார். 'குறைந்தபட்ச விதி' என்பது அதன் பெயர். பயிருக்கு வேண்டிய சத்துகளுள் எது மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும். மற்றவை எவ்வளவு மிகுந்திருந்தாலும் பயனில்லை என்பதே அவ்விதி. நம் நடவு வயலையே எண்ணிப் பாருங்கள். பத்துப் பெண்கள் ஒரே வரிசையில் நின்று பின்னோக்கி நகர்ந்து நடுகின்றனர். ஒன்பது பேர் கையில் நாற்றுமுடி நிறைய இருந்தாலும், பத்தாமவருக்கு முடி வந்து சேராவிட்டால் அந்த வரிசை நின்றுவிடும். ஒன்பது பேருக்கு இன்னும் இரண்டு முடி கூடுதலாகக் கொடுத்து அவ்வரிசையை நகர்த்த முடியுமா? முடியாது. பத்தாமவருக்கு முடியைக் கொடுப்பது ஒன்றே வழி. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் குறைந்த நிலத்தில் மேலும் மேலும் யூரியா இடுவது, ஒன்பது பேருக்குக் கூடுதல் முடி கொடுப்பது போன்றதே.

யூரியா இட்ட நான்காம் நாள் வயல் கரும்பச்சையாக மாறுகிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. அப்பச்சையைக் கண்டு நாம் ஏமாந்துவிடுகிறோம். அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்தால் இலை மென்மையாகித் தழைக்கிறது. அம்மென்மையைத் தேடிப் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் வருகின்றன. குலை நோய் பரவுகிறது. தண்டு வலுவிழந்து, ஒரு காற்று மழைக்குப் பயிர் சாய்ந்துவிடுகிறது. கதிர் முதிர்வது தாமதமாகிப் பதர் மிகுகிறது. பிறகு பூச்சி மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். ஆகவே மிகுதியாக இட்ட யூரியாவின் விலை அம்மூட்டையின் விலை மட்டும் அன்று. மருந்துச் செலவும், சாய்ந்த பயிரை அறுக்கும் கூலியும், பதரான நெல்லும் சேர்ந்ததே அதன் உண்மையான விலையாகும்.

இவை வெறும் ஊகம் அல்ல. நம் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையான எருவிடு ஆய்வு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970-ஆம் ஆண்டு முதல் நாட்டின் பல இடங்களில் நீண்டகால உர ஆய்வுகளை நடத்தி வந்திருக்கிறது. ஒரே பாத்தியில் ஆண்டுதோறும் ஒரே வகையான உரத்தை இட்டு, விளைச்சலை எடை போட்டுப் பார்ப்பதே இவ்வாய்வுகளின் முறை. இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரில் மக்காச்சோளமும் கோதுமையும் பயிரிட்ட ஆய்வில், தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்தியில் மண்ணின் புளிப்புத்தன்மை மிகுந்து, விளைச்சல் அறவே அற்றுப்போயிற்று. மூன்று சத்துகளையும் தொழுவுரத்தோடு சேர்த்துப் பெற்ற பாத்திகளோ விளைச்சலைக் காத்து நின்றன. நம் வயல்களின் மண் பாலம்பூர் மண்ணைப் போன்றது அன்று. ஆயினும், ஒன்றை மட்டும் கொடுத்து மற்றவற்றை எடுத்துக்கொண்டே இருந்தால் எந்த மண்ணும் ஒரு நாள் கையை விரித்துவிடும் என்பது எல்லா மண்ணுக்கும் பொதுவான பாடமாகும்.

அப்படியாயின், உழவர்கள் ஏன் யூரியாவையே நாடுகின்றனர்? அறியாமை மட்டும் காரணமன்று, விலையும் காரணம். 1992-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் மீதிருந்த விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. யூரியாவின் கட்டுப்பாடு மட்டும் நீடித்தது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சத்துகளின் அடிப்படையில் மானியம் வழங்கும் திட்டம் வந்தபோதும் யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. இதனால் யூரியா மலிவாகவும் மற்றவை விலை மிகுந்தும் போயின. நாடு முழுவதற்குமான பொது அளவாக 4:2:1 என்னும் விகிதம் கூறப்படுவதுண்டு. 2012-13-ஆம் ஆண்டில் நாட்டில் பயன்பட்ட உரங்களின் விகிதமோ 8.2:3.2:1 என்றாகியிருந்தது. 2024-ஆம் ஆண்டில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு; 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையின் விலை 1350 ரூபாய். கையில் காசில்லாதவன் எதை வாங்குவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆகவே நம் மக்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. குறைந்த காசைக் கொண்டு சரியான அளவை வாங்குவது எப்படி என்று கணக்கிட்டுக் காட்டுவதே நம் நோக்கம்.

இளைஞர்களே, இனி ஒரு கணக்கைப் போடுவோம். மத்திய வயது, நீண்ட வயது நெல் இரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் பொதுப் பரிந்துரை, எக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல் சத்து 50 கிலோ என்பதாகும். ஓர் எக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எனவே ஏக்கருக்கு 60, 20, 20 கிலோ என்று கொள்ளலாம். இவை சத்தின் அளவு. மூட்டையின் அளவு அன்று. இவ்வேறுபாட்டை அறியாததால்தான் பலர் தடுமாறுகின்றனர்.

யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. 60 கிலோ சத்து வேண்டுமாயின், 60-ஐ 100-ஆல் பெருக்கி 46-ஆல் வகுக்க, ஏறத்தாழ 130 கிலோ யூரியா வருகிறது. 2018-ஆம் ஆண்டு முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆக, மூன்று மூட்டைக்கு ஐந்து கிலோ குறைவு. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 விழுக்காடு. 20 கிலோ சத்துக்கு 125 கிலோ வேண்டும். அஃதாவது இரண்டரை மூட்டை. மூரியேட் ஆப் பொட்டாஷில் சாம்பல் சத்து 60 விழுக்காடு. 20 கிலோ சத்துக்கு 33 கிலோ போதும். ஒரு மூட்டைகூட வேண்டியதில்லை. காவிரிப் படுகையில் மாக் கணக்கில் உழுபவர்கள், மூன்று மா ஓர் ஏக்கர் என்று கொண்டு இவற்றை மூன்றால் வகுத்துக்கொள்ளலாம்.

இப்பொழுது, ஏக்கருக்கு நான்கு மூட்டை யூரியா இட்டுப் பொட்டாஷை விட்டுவிடும் வழக்கத்தை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு மூட்டையில் 82.8 கிலோ தழைச்சத்து உள்ளது. தேவைக்கு மேல் 22.8 கிலோ சென்றுவிட்டது. தேவையான சாம்பல் சத்து 20 கிலோவும் வராமலே போயிற்று. ஒரு பக்கம் மிகை; மறு பக்கம் சுழி. இதுவே சமன் குலைந்த உரமிடல்.

சூப்பர் பாஸ்பேட்டுக்கு மாற்றாக டி.ஏ.பி. இடுபவர்களும் உண்டு. அதில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46 விழுக்காடு. 20 கிலோ மணிச்சத்துக்கு 43½ கிலோ டி.ஏ.பி. போதும். அதனோடு ஏறத்தாழ 8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுவதால், யூரியாவை 130 கிலோவிலிருந்து 113 கிலோவாகக் குறைக்க வேண்டும். குறைக்க மறப்பதே பலர் செய்வது. சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்பது அதன் தனிச் சிறப்பு. அவ்வுரத்தைச் செய்யும் இந்தியாவின் முதல் தொழிற்சாலை 1906-ஆம் ஆண்டில் அமைந்தது நம் இராணிப்பேட்டையில்தான் என்பதும் நாம் அறிய வேண்டிய செய்தி.

கலப்பு உர மூட்டையின் மீது எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் தழை, இரண்டாவது மணி, மூன்றாவது சாம்பல். 20:20:0:13 என்றிருந்தால் மூன்றாம் இடத்தில் சுழி. அம்மூட்டையில் சாம்பல் சத்தே இல்லை. நான்காம் எண் கந்தகம். இதைப் படித்துச் சொல்ல வேளாண்மைப் பட்டம் வேண்டியதில்லை. எழுத்தறிந்த ஒரு பிள்ளை போதும். அத்துடன் மூட்டையில் அச்சிட்ட விலையைப் பார்த்து, அதற்கு மேல் கொடாமல், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறும் வழக்கம் நம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும்.

எவ்வளவு என்பதோடு எப்பொழுது என்பதும் முக்கியம். மணிச்சத்து மண்ணில் மெல்லவே நகரும்; எனவே முழுவதையும் அடியுரமாக இட வேண்டும். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் நான்கு சம பங்காக்கி, அடியுரமாகவும், தூர் கட்டும் பருவத்திலும், கதிர் உருவாகும் பருவத்திலும், கதிர் வெளிவரும் பருவத்திலும் இடுவது பரிந்துரை. பசித்த குழந்தைக்கு ஒரு வாரத்து உணவை ஒரே வேளையில் ஊட்ட முடியாது. பயிரும் அப்படியே. தேங்கிய ஆழ்ந்த நீரில் யூரியாவைத் தூவினால் அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். மழை வரும் வேளையில் தூவினால் வரப்பு கடந்து ஓடிவிடும். நீரை வடித்து, சேறு தெரியும் நிலையில் இட்டு, பின்னர் நீர் கட்டுதல் நலம்.

மேலுரம் இடும் நாளை அறிய எளிய கருவி ஒன்றுண்டு. அதுவே இலை வண்ண அட்டை. நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கத் தொடங்கும் வரை, வாரம் ஒரு முறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த இளம் இலையை, நம் உடல் நிழலில் வைத்து அட்டையின் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான இரகங்களுக்கு 4 என்பது எல்லை எண். பத்தில் ஆறு இலைகளோ அதற்கு மேலோ எல்லையினும் வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இட வேண்டும், இல்லையேல் காத்திருக்கலாம். அடுத்த வயலுக்காரர் இட்டார் என்பதற்காக நாமும் இடும் வழக்கத்திற்கு இவ்வட்டை ஒரு முடிவு கட்டும்.

சிறு அளவில் தேவைப்படும் சத்துகளையும் மறத்தலாகாது. நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் இலைகளில் துருப் போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாக நின்றால், அது துத்தநாகக் குறையாக இருக்கலாம். வட இந்தியாவில் 'கைரா' என்று பெயர் பெற்ற இந்நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து அறிஞர் நேனே 1966-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, நடவுக்கு முன் தூவ வேண்டும். மணிச்சத்து உரத்தோடு அதனைக் கலக்கக் கூடாது. கலந்தால் இரண்டும் பயிருக்கு எட்டாமல் கட்டுண்டுவிடும்.

நாம் இதுவரை கூறிய அளவுகள் பொதுவானவை. ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு விதம். அதை அறிவதற்கே மண் ஆய்வு. 2015-ஆம் ஆண்டு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் மண்ணின் 12 தன்மைகள் அளந்து தரப்பட்டன. அவ்வட்டை வந்த வீடுகளில் அது சாமிப் படத்துக்குப் பின்னே செருகப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். அதை எடுத்துப் படியுங்கள். மணிச்சத்து மிகுதி என்றிருந்தால் அச்செலவைக் குறைக்கலாம். துத்தநாகம் குறைவு என்றிருந்தால் அதற்கு அப்பணத்தை மாற்றலாம். மண் எடுக்கும் முறையும் எளியதே. அறுவடை முடிந்து உரமிடாத வேளையில், வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்கி, வயலின் குறுக்கும் நெடுக்குமாக 10 முதல் 15 இடங்களில், ஆப்பு வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். அதைக் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்தி அனுப்ப வேண்டும்.

செயற்கை உரம் ஒன்றே போதும் என்றும் நாம் கூறவில்லை. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமோ, இரண்டரை டன் பசுந்தாளோ இட்டால்தான் மண், கொடுத்த உரத்தைப் பிடித்து வைக்கும். மாடில்லாத வீடுகளுக்குத் தக்கைப்பூண்டே மாடு எனலாம். கோடை மழையில் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் காற்றிலுள்ள தழைச்சத்தையே அது மண்ணில் சேர்க்கும்.

தோழர்களே, உரத்தைச் சட்டியில் ஏந்தி வயலில் வீசும் கை பெரும்பாலும் நம் கையே. வெறுங்கையால் வீசி, வெடிப்பில் உப்பு ஏறி எரியும் கையும் நம் கையே. குத்தகை உழவன் பயிர் சாய்ந்தாலும் குத்தகையை அளந்தாக வேண்டும். வட்டிக்கு வாங்கிய உரம் வீணானாலும் வட்டியைக் கட்டியாக வேண்டும். வசதி படைத்தவருக்கு ஒரு மூட்டை வீண் என்பது சிறு இழப்பு. நமக்கோ அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். மகளின் பேருந்துச் செலவு. ஆகவே வீசும் கை, வீசும் பொருளின் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். கணக்கறிந்த உழைப்பாளியை எவரும் எளிதில் ஏய்க்க முடியாது. கூலிக்கு உழைப்பவரும் இதனை அறிந்திருந்தால், நில உடைமையாளரும் அவரிடம் அளவு கேட்கும் நிலை வரும்.

இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று: அறுவடை முடிந்ததும், இளைஞர்கள் குழுவாகச் சென்று நம் தெருவார் உழும் எல்லா வயல்களிலும் மண் எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு: மாலை வகுப்பில் வாரம் ஒரு நாள் உரக் கணக்கு கற்பிக்கப்பட வேண்டும்; தாய்மார்களும் அதில் அமர வேண்டும். மூன்று: விருப்பமுள்ள சிலர் தம் வயலை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான முறையிலும், மறு பாதியில் கணக்கின்படியும் உரமிட்டு, நெல்லைத் தனித்தனியே தூற்றி எடை போட்டு, செலவையும் வரவையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். நம் சொல்லை நம்ப வேண்டாம். அந்த எடையை நம்புங்கள்.

முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் நம் பிள்ளைகளின் கையில் ஏட்டைக் கொடுத்தது. அடுத்த ஆண்டுகளில் அவ்வேட்டில் நம் வயலின் கணக்கும் நம் கையாலேயே எழுதப்படட்டும்.